தென்காசிக் கோழியும் பினாங்குப் புரதமும்

செங்கோட்டைச் சோதனைச் சாவடியில் கேரளாவிலிருந்து வந்த பேருந்துக்குள் ஏறிய காவலர், மூட்டைகளையும் பெட்டிகளையும் விட்டுவிட்டு நேராக என் மடியில் இருந்த தெர்மாஸ் குடுவையிடம் வந்தார். திறக்கச் சொன்னார். திறந்தேன். பாதி உருகிய ஐஸ் தண்ணீரில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்கள் மிதந்துகொண்டிருந்தன.

"என்னது இது?"

"கோழி ரத்தத்திலிருந்து எடுத்த புரதம் சார்."

"எந்த ஊருக் கோழி?"

"பினாங்கு சார். மலேசியா."

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே நின்ற இன்னொருவரிடம், "ஏலே, இங்கன ஒரு ஆளு மலேசியாவில இருந்து கோழி ரத்தம் கொண்டாந்திருக்காரு, வந்து பாரு" என்றார். வந்து பார்த்தார். பிறகு ஓட்டுநர் வந்து பார்த்தார், நடத்துநர் வந்து பார்த்தார். பலாப்பழத்தோடு என்னை ஜன்னலோரம் நசுக்கிக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் பார்க்கவில்லை. "கேரளாவுக்கு அரிசி கடத்துதவனையெல்லாம் விட்டுருவாங்க, ரத்தத்தப் பிடிச்சுட்டு நிப்பாங்க" என்று பொதுவாகச் சொன்னார். ஒருவழியாக வண்டியை விட்டார்கள். பத்து நிமிடம் ஓடிவிட்டு வண்டி தானாகவே நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. தண்ணீர் கொண்டுவரப் போன கிளீனர் டீயும் குடித்துவிட்டு வந்தார்.

நான் தென்காசியில் இறங்கியபோது ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. குழாய்களில் இருந்தது வெந்நீராகவில்லை, அவ்வளவுதான். பினாங்கிலிருந்து குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மாதிரிகள் எல்லாம் வீண்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு ஜூலை மாதம் அது. நான் பினாங்கில் ஆராய்ச்சி மாணவன், கூடவே தற்காலிக விரிவுரையாளன். என் தொழிலை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அந்தக் காவலரைப்போல என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நூல் சுருண்டு கிடக்கிறது. அதில்தான் ஜீன்கள் இருக்கின்றன. எல்லா ஜீனும் எல்லா நேரமும் வேலை செய்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் பல் முளைத்துவிடும். அதனால் சில புரதங்கள் அந்த நூலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இதைத் திற, அதை மூடு என்று அதிகாரம் பண்ணுகின்றன. எந்தப் புரதம் எதனோடு கூட்டு என்பதுதான் எங்கள் வட்டாரத்தில் ஓயாத வம்பு. கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே ஃபார்மலினை ஊற்றுவோம். பிணத்தைக் கெடாமல் வைக்கிறார்களே, அதே சரக்குதான். உயிருள்ள செல்மேல் ஊற்றினால், அந்த நேரத்தில் யார் யாரைத் தொட்டுக்கொண்டு இருந்தார்களோ அவர்கள் அப்படியே ஒட்டிக்கொள்வார்கள். பிறகு செல்லை உடைத்து, ஒருவனுக்குத் தூண்டில் போட்டு இழுத்தால் ஒட்டியவனும் சேர்ந்து வருவான். சூடுபண்ணினால் ஒட்டு விட்டுப்போகும். இரண்டு பேரையும் தனித்தனியாக நிறுத்தி முகம் பார்த்துக்கொள்ளலாம்.

மனிதனின் சிவப்பணுவில் டி.என்.ஏ. கிடையாது, கோழியின் சிவப்பணுவில் உண்டு. எனவே எங்கள் ஆட்களிடம் கோழிக்கு மனிதனைவிட மரியாதை அதிகம். கோழி வளர்ந்தபின் அதன் ரத்த அணுவில் ஒரு ஜீன் மூடிக்கொள்கிறது. அதை மூடுவது யார்? பெரியவன், சின்னவன் என்று நான் பெயர் வைத்திருந்த இரண்டு புரதங்கள் கைகோத்துக்கொண்டு மூடுகின்றன என்று இரண்டு வருடம் உழைத்துக் கண்டுபிடித்திருந்தேன். பெரியவனை இழுத்தால் சின்னவன் கூடவே வந்தான். ஒவ்வொரு தடவையும் வந்தான்.

தூண்டில் என்று சொன்னேனே, அது முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். பெரியவனை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் ரத்தம் பெரியவனை மட்டும் பிடிக்கும் ஒரு பிடியைத் தயார்செய்துகொள்ளும். அந்தச் சீரத்தை எங்களுக்குக் கொடுத்தவர் டாக்டர் எஸ்தர். தென்காசிப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டுக் குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்கு வந்து, துறையின் பின்பக்கத்தில் முயல் வளர்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் என் பேராசிரியர் லிம் எங்கள் ஜோடியைப் பற்றிப் பெருமையாகப் பேசியபோது எஸ்தர் எழுந்து, "ஊசி போடுமுன் எடுத்த சீரத்தால் இழுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டார். லிம் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "போ. அந்தப் பெண்ணின் கண்முன்னால் செய்து காட்டிவிட்டு வா" என்றார்.

கட்டுரை அதற்குள் இதழுக்குப் போய்விட்டது. முதல் பெயர் என்னுடையது, நடுவில் எஸ்தர், கடைசியில் லிம். அடுத்த மாதம் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். என்னிடம் காட்டுவதற்கு அந்தக் கட்டுரையைத் தவிர எதுவும் இல்லை. எஸ்தர் தலையாட்டினால் எனக்கு வேலை, ஆட்டாவிட்டால் தெரு.

குற்றாலத்துக்கு ஏறிய டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் எண்ணெயில் ஊறியிருந்தார்கள். உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் எங்கே பிடித்தாலும் வழுக்கினார்கள். ஒரு வளைவில் மூன்று பேர் மொத்தமாக என்மேல் சரிந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வளைவில் மறுபடியும் சரிந்தார்கள். எஸ்தரைப் பார்க்கவென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை வடைச் சட்டியில் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது.

எஸ்தருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடி, பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. என் சட்டையைப் பார்த்தார்.

"பஸ்லயா வந்தீங்க சார்? சீசன்ல வெள்ளைச் சட்டை போட்டுட்டு யாரும் பஸ்ல ஏற மாட்டாங்கல்லா."

குடுவையைத் திறந்து முகர்ந்தார். மூடினார். "இது போச்சு. நாளைக்குக் காலையில கோழிக் கடைக்குப் போவோம். புதுசாவே பண்ணிருவோம், என்ன?"

அன்று மாலை செங்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் பரோட்டா தின்றேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று ஒன்று உண்டு, பருப்புக் குழம்பில் தொட்டுத் தின்போம், உலகத்திலேயே அதுதான் உயர்ந்தது என்று நினைத்திருந்தேன். இங்கே உள்ளங்கை அகலத்தில் மொறுமொறுவென்று வந்தது. நாட்டுக்கோழியில் மிளகு காதைப் பிடித்து இழுத்தது. ரொட்டி சானாயைக் காட்டிக்கொடுக்கிறோமே என்ற குற்ற உணர்வோடு இன்னும் இரண்டு கேட்டேன். பரிமாறியவர், "அண்ணாச்சி சிலோனா?" என்றார். நான் வாயைத் திறந்தாலே இந்த ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள்.

தென்காசிச் சந்தையை ஒட்டிக் கனி பாய் கோழிக் கடை வைத்திருந்தார். கடையநல்லூர்க்காரர். மறுநாள் காலை எஸ்தரும் நானும் போய் நின்றோம்.

"எத்தனை கிலோம்மா?"

"கறி வேண்டாம் பாய். ரத்தம் மட்டும் போதும்" என்றார் எஸ்தர்.

கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அமாவாசை என்னைக்கு?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

"ஆராய்ச்சிக்கு பாய். காலேஜில" என்றார் எஸ்தர்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாங்க" என்றார் கனி பாய். கத்தியைக் கீழே வைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி சிலோனா?"

"இல்லீங்க பாய். பினாங்கு."

கத்தி கீழே இறங்கியது. "பினாங்கா! பினாங்குல எங்கன? எங்க சாச்சா அங்கனதான் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. ஏ, ஒரு டீ சொல்லு, பினாங்குத் தம்பி வந்திருக்காரு!" அடுத்த கால் மணி நேரம் பினாங்கில் இருக்கும் கடையநல்லூர்க்காரர்களைப் பற்றி விசாரணை நடந்தது. எனக்கு இரண்டு பேரைத்தான் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் அவருக்குச் சொந்தம். பிறகு ஒரு கோழியைப் பிடித்து, ஓதி அறுத்து, உறையாமல் இருக்க மருந்து போட்டிருந்த என் பாட்டிலை அவரே கழுத்துக்குக் கீழே பிடித்தார். நான் பணம் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். "ரத்தம் ஹராம் தம்பி. சாப்பிடவும் கூடாது, விக்கவும் கூடாது. சும்மா கொண்டுட்டுப் போங்க."

செய்தி எங்களுக்கு முன்னால் குற்றாலம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் நான் தங்கியிருந்த விடுதியின் மேலாளர் கதவைத் தட்டி, தாழ்ந்த குரலில், தன் மைத்துனருக்கு ஒரு நிலத்தகராறு இருப்பதாகவும், எதிர்க்கட்சிக்காரனுக்கு வாயைக் கட்ட ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டார். நான் டி.என்.ஏ.விலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். அவர் முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிய சொல்ல மாட்டீங்க, தெரியும்" என்று சொல்லிப் போனார். அதன்பின் என் அறைக்கு வெந்நீர் தவறாமல் வந்தது.

வேலையை ஆரம்பித்தோம். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து உமி ஒட்டிய ஐஸ் பாளம் சாக்கில் வந்தது. ஃபார்மலின் விலங்கியல் துறையில் கடன் வாங்கினோம். பாட்டில் புதிதுதான், ஆனால் அது இருந்த அலமாரி முழுக்க ஜாடிக்குள்ளிருந்து பாம்புகள் முறைத்தன. அங்கே தயாராக இருந்த பஃபர் என்ற உப்புக் கரைசலில் அணுக்களை மிதக்கவிட்டு, ஃபார்மலின் விட்டு, பினாங்கு வழக்கப்படி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். உடைத்து, சீரம் போட்டு இழுத்து, சூடுபண்ணி, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டோம். நடுவில் மின்சாரம் இரண்டு தடவை போனது. போனபோதெல்லாம் வாசலில் நின்று மழையைப் பார்த்தோம். மழை என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மழை வந்தால் அடித்துத் துவைத்துவிட்டுப் போய்விடும். இது பூவாளியால் தெளிக்கிற மாதிரி நாள் பூராவும் தெளித்தது. சாரல் என்றார்கள்.

மறுநாள் ஜெல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பெரியவன் தன் இடத்தில் ஒரு நீலக் கோடாக இருந்தான். சின்னவன் இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

"சின்னவரைக் காணலையே சார்" என்றார் எஸ்தர். கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

சாப்பிடப் பிடிக்காமல் கடைத்தெருவில் நடந்தேன். பழக்கடையில் துரியன் தொங்கியது. கண்ணை நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் லாரி லாரியாகக் கொட்டி, சாலையோரம் குந்தி உட்கார்ந்து தின்பது. இங்கே கோயில் மணி மாதிரி ஒற்றையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதுவும் தேங்காய் அளவு. "குழந்தை இல்லாதவங்களுக்கு நல்லது அண்ணாச்சி. மூணு நேரம் தின்னா அடுத்த சீசனுக்குத் தொட்டில் வாங்கணும்" என்றார் கடைக்காரர். அப்படியானால் பினாங்குத் தீவு ஜனத்தொகையில் எப்போதோ கடலுக்குள் மூழ்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். திடீரென்று வேறொரு எண்ணம் மண்டையில் உறைத்தது. பாதித் தூரம் ஓடி, பாதித் தூரம் நடந்து கல்லூரிக்குத் திரும்பினேன்.

"டாக்டர், அந்த பஃபர் யார் பண்ணினது?"

"நான்தான். ஏன்?"

"எதில பண்ணீங்க?"

"எப்பவும்போல டிரிஸ்..." பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "அய்யோ!"

ஃபார்மலின் புரதத்தில் அமீன் என்ற ஒரு பகுதியைத்தான் பற்றிக்கொள்ளும். டிரிஸ் என்ற பஃபர் உப்பிலும் அதே அமீன் இருக்கிறது, கோடிக்கணக்கில். நாங்கள் ஊற்றிய ஃபார்மலின் முழுவதையும் டிரிஸ் வாசலிலேயே மடக்கிப் பிடித்துக்கொண்டது. செல்லுக்குள் ஒரு சொட்டும் உருப்படியாகப் போகவில்லை. பாஸ்பேட் பஃபரில் செய்திருக்க வேண்டும். இந்தத் தப்பை எங்கள் தொழிலில் இருப்பவர்களால் மட்டும்தான் செய்ய முடியும், மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நாகரிகத்துக்குப் பொருந்தாத அளவுக்கு நான் சிரித்தேன். இரண்டு நாள் பயம் பூராவும் அந்தச் சிரிப்பில் வெளியே போயிற்று.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றார் எஸ்தர். "பாஸ்பேட் அங்கன மேல் தட்டில இருக்கு. எடுங்க."

மறுபடி கனி பாய், மறுபடி கோழி, மறுபடி ஒரு மணி நேர ஃபார்மலின். இந்தத் தடவை சின்னவன் வந்தான். பெரியவனுக்குக் கீழே, தடிமனாக, கூச்சமே இல்லாமல் நின்றான். எஸ்தர் ஜெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அழகா இருக்கு சார்" என்றார். மனதாரச் சொன்னார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து இரண்டாவது பாட்டிலை எடுத்தார். "இது அதே முயல்தான். ஊசி போடுததுக்கு முந்தி எடுத்த சீரம். நாளைக்கு இதையும் பக்கத்தில ஓட்டிப் பாத்துருவோமா?"

"பாத்துருவோம் டாக்டர், தாராளமா" என்றேன். ராஜா மாதிரி சொன்னேன்.

அன்று அருவிக்குப் போனேன். எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் என்னைக் கல்லில் உட்காரவைத்து, நான் ஏதோ பழைய பகையாளி என்பதுபோல முதுகில் அறைந்தார். ஆண்கள் வரிசையில் நின்று உள்ளே போனதும் தண்ணீர் தலையில் விழுந்தது. விழுந்தது என்றால், யாரோ மேலேயிருந்து மூட்டை மூட்டையாகப் போட்ட மாதிரி. எனக்கு முன்னும் பின்னும் ஈரமான வயிறுகள். யார் கை யார் தோளில் என்று தெரியவில்லை. ஒருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமாகக் கத்தினார், நானும் அவர் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கோவணம் கட்டிய ஒரு பெரியவர், "தள்ளி நில்லுலே, நான் கட்டணம் கட்டி வந்த மாதிரி முழுசா நனையணும்" என்று என்னை முழங்கையால் இடித்தார். அருவிக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கச் சொல்லலாம், அப்பாவுக்கு ஒரு நல்ல கண்ணாடி வாங்கலாம் என்றெல்லாம் தண்ணீருக்கடியில் கணக்குப் போட்டேன்.

இரண்டாவது பாட்டிலில் தூண்டில் கிடையாது. ஊசி போடுமுன் அந்த முயலுக்குப் பெரியவன் யாரென்றே தெரியாது. எனவே அந்தச் சீரத்தால் இழுத்தால் யாரும் வரக்கூடாது. ஜெல்லில் அந்த வரிசை காலியாக இருக்க வேண்டும்.

காலியாக இல்லை. சின்னவன் நின்றான். பக்கத்து வரிசையில் நின்ற அதே இடத்தில், அதே தடிமனில்.

முதலில் பாட்டில் மாறிவிட்டது என்றேன். எஸ்தர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு பாட்டிலையும் என் கையிலேயே கொடுத்து, தானே வெளியே போய் நின்றுகொண்டார். நானே எல்லாவற்றையும் செய்தேன். மறுபடியும் நின்றான். குழாய் சரியாகக் கழுவவில்லை என்றேன். கழுவிச் செய்தேன். நின்றான். ஒருவேளை இந்த ஊர் முயலுக்குப் பிறவியிலேயே கோழி ஒத்துக்கொள்ளாதோ என்றேன். அதற்கு எஸ்தர் சிரிக்கக்கூட இல்லை.

"ஃபார்மலின் ஒரு மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி சார்" என்றார். "அவ்வளவு நேரம் வச்சா உள்ள இருக்குதது பூராவும் ஒரே கட்டியா ஆயிரும். அந்தக் கட்டி எதைப் போட்டாலும் கூட வரும், யாரும் இழுக்கவே வேண்டாம். அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க."

ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் ஜெல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிக்கு முந்திய சீரத்தின் வரிசை சுத்தமாகக் காலி. ஊசிக்குப் பிந்திய சீரத்தின் வரிசையில் பெரியவன் வந்திருந்தான். தனியாக வந்திருந்தான். சின்னவன் அவனுக்கு யாருமில்லை. இரண்டு வருடமாக நான் பார்த்ததெல்லாம் நானே ஃபார்மலினில் கட்டிவைத்த கட்டி.

எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இங்கன நடந்ததை நான் யார்ட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. கட்டுரையை நீங்க எப்படி விடுதீங்களோ அது உங்க இஷ்டம். என் பேரை மட்டும் எடுத்துருங்க சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். அவர் பெயர் ஒன்றை அடித்துவிட்டால் போதும், கட்டுரை வரும், வேலை வரும். உலகத்தில் வேறு யாரும் அந்த இரண்டாவது பாட்டிலைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. அறையில் படுத்துக்கொண்டு இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பெரிய நேர்மை எல்லாம் கிடையாது. பரீட்சைத்தாள் திருத்தும்போது தெரிந்த பையனுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கிறேன். ஆனால் பெரியவன் தனியாக வந்ததைப் பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அதற்காக எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் எஸ்தருக்கு வகுப்பு இருந்தது. தென்காசித் தந்தி ஆபீஸுக்குத் தனியாகவே போனேன். பினாங்குக்கு டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கீழப்பாவூரிலிருந்து வந்த ஒரு வெங்காய வியாபாரி, பம்பாய் மண்டிக்குப் போட்ட அழைப்புக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் துண்டு. நான் உட்கார்ந்த உடனேயே என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். சிலோனா, கல்யாணம் ஆயிட்டா. இரண்டுக்கும் இல்லை என்றேன். இரண்டுக்காகவும் வருத்தப்பட்டார்.

பினாங்கு கிடைத்தது. டெலிபோன் கூண்டுக் கதவு சாத்தவில்லை, சாத்தியிருந்தாலும் நான் போட்ட சத்தம் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கத்தினேன். இரண்டாவது பாட்டில், கட்டி, ஐந்து நிமிடம், பெரியவன் மட்டும் வந்தது.

நான் முடித்ததும், "ஒரு மணி நேரம் வை என்று உனக்குச் சொன்னது யார்?" என்று லிம் கேட்டார்.

"நீங்கள்தான், சார்."

கம்பியில் இரைச்சல் மட்டும் வந்தது. அறுந்துவிட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கிறேன்" என்றார் லிம். "முதல் பெயர் உன்னுடையது. திரும்பப் பெறுவதென்றால் நீதான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நேர்காணலுக்கு வெறுங்கையோடு போவாய். தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் சொல்."

"திரும்பப் பெற்றுவிடுங்கள், சார்."

"சரி" என்றார். அவர் குரல் அவ்வளவு வயதானதாக நான் கேட்டதில்லை. "அந்தப் பெண்ணிடம் சொல், சென்னையில் அவள் கேட்டது சரியான கேள்வி." பிறகு கம்பி நிஜமாகவே அறுந்தது.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முப்பது வயது ஆண்பிள்ளை, தந்தி ஆபீஸ் பெஞ்சில், தோள் குலுங்க அழுதேன்.

கீழப்பாவூர்க்காரர் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "துட்டியா தம்பி?" என்று கேட்டார். யாராவது இறந்துவிட்டார்களா என்று.

"இல்ல அண்ணாச்சி. யாரும் சாகல. ஆராய்ச்சி ஒண்ணு. ரெண்டு வருஷமா ராத்திரி பகலா பண்ணினது. தப்புன்னு ஆயிருச்சு. இப்பத்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் யோசித்தார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, மேலே விளக்க வாயைத் திறந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். வெங்காய வாடை அடித்தது.

"ரெண்டு வருஷம் வளத்தது போயிருக்குல்லா," என்றார். "அப்பம் துட்டிதான். அழுங்க."

பம்பாய் கிடைத்துவிட்டது என்று கூப்பிடும்வரை கையை விடவில்லை. கூப்பிட்டதும் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், என்னைத் திரும்பிப் பார்க்காமல், போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கூண்டுக்குள் போனார். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பினாங்கிலும் எங்கள் ஆட்களுக்கு அதுதான் வழக்கம்.